அறுத்தலும் கட்டலும்: கம்பம் பள்ளத்தாக்கில் கைம்மையின் சொற்கள்

தேனி மாவட்டத்துக்கு வருவாய்க் கோட்டங்கள் இரண்டு: பெரியகுளம், உத்தமபாளையம். கணவனை இழந்த பெண் ஆதரவற்ற விதவை என்று சான்று கேட்டுப் போனால் அவள் தாள் இந்த இரண்டு கோட்டாட்சியர் அலுவலகங்களில் ஒன்றைத் தொட்டுத்தான் வரவேண்டும். இ-சேவை மையத்தில் வந்து நிற்கும்போது அவள் தன்னைப் பற்றி எந்தப் பெயர்ச்சொல்லையும் சொல்வதில்லை. "எங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு" என்பாள். கொஞ்சம் வயதானவர் என்றால் "அவுக தவறிட்டாக." கணினிக்கு முன்னால் இருப்பவர் அந்த வாக்கியத்தை "ஆதரவற்ற விதவைச் சான்று" என்ற விண்ணப்பமாக மாற்றுகிறார். அவள் பெயரை அடுத்து "க/பெ" என்று போட்டு, கணவர் பெயருக்கு முன்னால் "லேட்" என்று சேர்க்கிறார். ஆள் போன பிறகும் விலாசம் அவர்தான்.

அவள் சொன்னது ஒரு வினை, எழுவாய் கணவர். எழுதப்பட்டது ஒரு பெயர். அது அவள்மேல் ஒட்டிக்கொள்வது. இம்மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் கைம்மையைச் சுற்றி வழங்கும் சொற்களைக் கவனித்தால் இந்தப் பிரிவினை எங்கும் தெரிகிறது. விதவை, கைம்பெண், அறுதலி, முண்டச்சி போன்ற பெயர்கள் அடுத்தவர் வாயில் இருக்கின்றன. அலுவலகமோ சடங்கோ சண்டையோ அவற்றை உபயோகிக்கிறது. வீட்டுக்குள் புழங்குபவை வினைகள்: தவறுதல், அறுத்தல், கட்டுதல், தீர்த்துவிடுதல். பெயரை மாற்றினால் நிலை மாறும் என்று நூறாண்டாக நாம் நம்பி வருகிறோம். இந்த வட்டாரத்தின் வரலாறு வினைகளைப் பார்க்கச் சொல்கிறது.

முதலில் அரசின் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆதரவற்ற விதவைகளுக்கான மாத உதவித்தொகைத் திட்டத்தைத் தமிழக அரசு 1975இல் தொடங்கியது. மத்திய அரசு இந்திரா காந்தி பெயரிலான விதவை ஓய்வூதியத்தை 2009இல் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இந்தத் தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அரசுப் பணித் தேர்வுகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டுக்குள் பத்து விழுக்காடு ஆதரவற்ற விதவைகளுக்கு. அதற்கான இலக்கணத்தில்தான் இந்தச் சொல் மிகக் கறாராகிறது. எல்லா வழிகளிலும் சேர்த்து மாத வருமானம் 4,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மணவிலக்குப் பெற்றவள் சேர மாட்டாள். கணவனைப் பிரிந்து வாழ்பவள் சேர மாட்டாள். கணவன் ஓடிப்போய்ப் பதினைந்து வருடமானாலும் அவள் விதவை இல்லை. ஊரில் அவளுக்கு "வாழாவெட்டி" என்று தனிப்பெயர் உண்டு. அரசுக்கு அவள் "கணவனால் கைவிடப்பட்டவர்." 2022இல் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் நல வாரியம் அமைத்தபோது கைவிடப்பட்டவர்களையும், மணமாகாமலே வயது கடந்த பெண்களையும் அதில் சேர்த்தார்கள். மணமாகாதவர்களுக்குக் கிடைத்த பெயர் "பேரிளம் பெண்கள்." பேதை, பெதும்பை என்று பழந்தமிழ் வகுத்த ஏழு பருவங்களில் கடைசிப் பருவத்தின் பெயர் அது. உலாப் பாட்டில் வீதியுலா வரும் தலைவனைப் பார்த்து மயங்கிய பெண், அரசாணையில் உதவித்தொகை கேட்டு வரிசையில் நிற்கிறாள்.

வாரியத்தின் பெயரில் "விதவை" போய்க் "கைம்பெண்" வந்ததற்கு ஒரு பின்கதை இருக்கிறது. விதவை என்ற வடசொல்லுக்கு எழுத்தில்கூடப் பொட்டு இல்லை, கைம்பெண் என்ற தமிழ்ச்சொல்லுக்கு இரண்டு பொட்டு உண்டு என்று மு. கருணாநிதி சொன்னதாகத் திராவிட இயக்க மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். ம், ண் ஆகிய இரு மெய்களின் மேலுள்ள புள்ளிகளைச் சொல்கிறார்கள். அழகான பேச்சு. ஆனால் சான்றிதழில் இன்னும் விதவைதான். பள்ளத்தாக்கின் வயலிலும் கடைத்தெருவிலும் கைம்பெண் என்ற சொல்லும் புழங்குவதில்லை. அது மேடைக்கும் பாடநூலுக்கும் உரிய சொல்லாகவே இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2023இல் ஓர் அமைச்சர் "விதவா" என்பதை விட்டுவிட்டு "கங்கா பாகீரதி" என்று எழுதலாம் என யோசனை சொன்னார். அந்த ஊரில் பழைய கடிதங்களில் கைம்பெண்களின் பெயருக்கு முன்னால் போட்டுவந்த அடைமொழி அது. எதிர்ப்பு உடனே கிளம்பியது. புனித நதியின் பெயரை வைத்தாலும் தனியே பிரித்து அடையாளம் வைப்பதுதானே என்றார்கள். அதே மாநிலத்தில் அதற்கு முந்தைய ஆண்டு கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் ஊராட்சி வேறு வழியில் போயிற்று. பெயரைத் தொடவில்லை. வளையல் உடைப்பதையும் குங்குமம் அழிப்பதையும் தாலி நீக்குவதையும் தடுக்கத் தீர்மானம் போட்டது. வினைகளில் கை வைத்தது என்பதால் எனக்கு இந்தத் தீர்மானத்தின்மேல் மதிப்பு அதிகம்.

விதவை என்ற சொல்லின் வயது மிகப் பெரிது. சமற்கிருத விதவாவும் இலத்தீன் விதுவாவும் ஆங்கிலத்தின் விடோவும் ஒரே வேரில் கிளைத்தவை. பிரிந்து வெறுமையானது என்பது அவ்வேரின் பொருள். "தவன்" என்றால் கணவன், "வி" என்றால் இல்லாத, ஆகவே விதவை என்று நம் பண்டிதர்கள் பிரித்துக் காட்டுவார்கள். மொழியியலார் கணக்கு தலைகீழ். விதவாவைத் தவறாகப் பிரித்ததிலிருந்துதான் "தவன்" என்ற சொல்லே பிறந்தது என்கிறார்கள் அவர்கள். அவள் முந்தி, அவன் பிந்தி.

தமிழ்ப் பக்கம் தொல்காப்பியம் இரு நிலைகளுக்கும் பெயர் வைத்திருந்தது. காஞ்சித் திணையில் கணவனை இழந்தவளின் நோன்பு வாழ்வு தாபத நிலை. மனைவியை இழந்தவனின் தனிமை தபுதார நிலை. இலக்கணத்தில் இருவருக்கும் ஒவ்வொரு துறை. பேச்சில் ஆணுக்குரிய சொல் எப்போதோ செத்துவிட்டது. இன்று தேனிச் சந்தையில் மனைவியை இழந்தவரைக் குறிக்க ஒற்றைச் சொல் கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. "இரண்டாந்தாரம் கட்டினவரு" என்பார்கள். இழப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் அடுத்த திருமணம் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கணவனை இழந்த பெண்கள் 4 கோடிக்கு மேல்; மனைவியை இழந்த ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. பெண்கள் நீண்ட காலம் வாழ்வதும் வயது மூத்தவர்களை மணப்பதும் இதற்குக் காரணங்கள்தாம். ஆண்கள் மறுபடி கட்டிக்கொள்வது இன்னொரு பெரிய காரணம். கட்டிக்கொண்டதும் கணக்கிலிருந்து போய்விடுகிறார்கள். தங்காத நிலைக்குச் சொல் எதற்கு?

சங்கப் பாடல்களில் அந்த நோன்பு எப்படி இருந்தது என்பதற்குப் புறநானூற்றின் 246ஆம் பாட்டே பெரிய ஆவணம். பூதப்பாண்டியன் இறந்ததும் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகிறாள். தடுக்கும் சான்றோரிடம் தான் மறுப்பது எதை என்று பட்டியலிடுகிறாள். நெய் தொடாத சோற்றுப் பிழியல், எள் துவையல், புளியிட்டு வெந்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக்கல் மேல் படுக்கை. நெருப்பு அதைவிட மேல் என்பது அவள் வாதம். இதைக் கற்பின் பெருமையாகவே படித்துப் பழகிவிட்டோம். உணவுப் பட்டியலோடு சேர்த்துப் படித்தால் அது குற்றப்பத்திரிகை. நூல் நூற்றுப் பிழைத்த தனிப்பெண்ணும் அதே தொகையில் "பருத்திப் பெண்டு" என்று வருகிறாள். உரைகாரர்கள் அவளைக் கைம்பெண் என்றே கொள்கிறார்கள். செய்யும் தொழிலால் பெயர் பெற்ற கைம்பெண் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

தேனிக்கு இந்தக் காலம் வெறும் ஏட்டுச் சங்கதி கிடையாது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவை இந்தியாவில் கிடைத்துள்ள எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை. ஒன்றில் அந்தவன் என்ற வீரன் கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த செய்தி இருக்கிறது. அந்தக் கூடலூர் கம்பத்தை அடுத்த இன்றைய கூடலூரே என்று கருதுவோரும் உண்டு. செத்தவன் பெயர், ஊர், சண்டை எல்லாம் சில எழுத்துக்குள் வந்துவிட்டன. அவன் வீட்டில் அன்றைக்கு எரியாத அடுப்பைப் பற்றிக் கல்லில் எதுவும் இல்லை.

இனி வினைகளுக்கு வருவோம். இப்பகுதியில் கைம்மையின் தலையாய வினை அறுத்தல். கருமாதியை ஒட்டி, பெரும்பாலும் விடியுமுன், ஏற்கெனவே தாலி இழந்த மூத்த பெண்கள் சூழ அது நடக்கும். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரும். நாளும் முறையும் சாதிக்குச் சாதி வேறுபடும். "அறுதலி", "அறுத்தவ", "தாலியறுத்தவ" என்ற பெயர்கள் எல்லாம் இந்த ஒரு செயலிலிருந்து உருண்டு வந்தவை. ஆனால் இதே வினைக்கு இந்த வட்டாரத்தில் துணையாக இன்னொரு வினை உண்டு: கட்டுதல். "அறுத்துக் கட்டுற சாதி", "அறுத்துக் கட்டாத சாதி" என்று பழைய ஆட்கள் மனிதரைப் பிரிப்பார்கள். முதல் தாலியை அறுத்த பிறகு இன்னொன்று கட்டிக்கொள்ள இடமுண்டா என்பதே கேள்வி.

உசிலம்பட்டியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவியுள்ள பிரமலைக் கள்ளர்களிடம் அதற்கு இடமிருந்தது. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன் 1949இலும் 1950இலும் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து 1957இல் வெளியிட்ட பெருநூலில், மணமுறிவும் மறுமணமும் அங்கே எவ்வளவு இயல்பாக நடந்தன என்பது விரிவாக இருக்கிறது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதிய தொகுதிகள் கள்ளர் மணமுறிவுக்கு ஒரு சொல்லைத் தருகின்றன: துரும்பு கொடுத்தல். ஊரார் முன்னிலையில் கணவன் ஒரு வைக்கோல் துரும்பை மனைவி கையில் கொடுத்தால் தீர்ந்தது, வாங்கிக்கொண்டவள் விடுபட்டாள். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிய அதே வெள்ளை அதிகாரிகளின் சொந்த நாட்டில் அப்போது மணவிலக்கு பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டும் வழக்காக இருந்தது.

விதவை மறுமணச் சட்டம் 1856இல் வந்த கதையை நாம் வித்யாசாகரோடு சேர்த்துப் பெருமையாகச் சொல்கிறோம். வங்காளத்து மேல்சாதிச் சிறுமிகளுக்கு அது திறப்புதான். அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு வேறொன்றும் செய்தது: மறுமணம் செய்தவள் இறந்த கணவனின் சொத்தில் உரிமை இழப்பாள். சட்டமே வருமுன் வழக்கப்படி அறுத்துக் கட்டிக்கொண்டிருந்த சாதிகளின் பெண்களுக்கு என்ன ஆகும்? 1877இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மறவர் குலப் பெண் ஒருத்தியின் வழக்கு வந்தது. குல வழக்கம் மறுமணத்தை ஒப்புக்கொண்டாலும் முதல் கணவன் சொத்து அவளுக்கு இல்லை என்று தீர்ப்பாயிற்று. கட்டாத சாதிக்குக் கட்டக் கற்றுக்கொடுத்த காலம், கட்டும் சாதிக்கு அதற்கு விலை வைத்தது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கிடைத்த பங்கை முழு உடைமையாக்கியது. 1856 சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட நூறாண்டில் இன்னொன்று நடந்துவிட்டது. நிலமும் படிப்பும் வந்த குடும்பங்கள் "நாங்க அறுத்துக் கட்டுறதில்ல" என்று சொல்வதை மதிப்பாகக் கருதத் தொடங்கின. மேல்சாதி வழக்கத்தைப் பின்பற்றி உயரப் பார்க்கும் இந்தப் போக்குக்குச் சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் சமற்கிருதமயமாதல் என்று பெயர் வைத்தார்.

வசவுக்குள் இந்தச் சொற்கள் போன விதம் விசித்திரமானது. "முண்ட" என்பது மழித்த தலையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. தலை மழித்துக்கொள்வது இங்கே பெரும்பான்மைச் சாதிகளின் வழக்கமே அன்று. ஆனாலும் வசவு எல்லாத் தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கழுத்து நிறையத் தாலியோடு நிற்பவளையும் அப்படித் திட்டுவார்கள். அவளைத் திட்டுவது உண்மையில் அவள் புருசனுக்குச் சாவு நேர வேண்டும் என்ற சாபம். திட்டுகிறவனே புருசனாக இருக்கும்போது அந்தச் சாபம் யார் தலையில் விழுகிறது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. வடக்கே "கம்மனாட்டி" இன்னும் ஒருபடி மேல்: கைம்பெண்டாட்டி தேய்ந்து உண்டான சொல், இன்று பெரும்பாலும் ஆண்களைத் திட்டத்தான் உதவுகிறது. மதுரை, தேனிப் பக்கம் "ஏன்டா தாலிய அறுக்குற" என்று டீக்கடையில் ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் சொன்னால், தொந்தரவு செய்யாதே என்பதற்கு மேல் பொருள் எதுவுமில்லை.

தெய்வமானவர்களின் கணக்கு வேறு. கம்பளத்து நாயக்கர்கள் இப்பள்ளத்தாக்கின் பழைய குடிகளில் முக்கியமானவர்கள். போடி பாளையம் அவர்களுடையது. 1906இல் மதுரை மாவட்டக் கையேட்டை எழுதிய பிரான்சிஸ், அவர்களிடையே உடன்கட்டை முன்பு பெருவழக்காக இருந்ததையும், ஜக்கம்மா, பொம்மக்கா இருவரும் அப்படித் தீப்பாய்ந்து தெய்வமான பெண்கள் என்பதையும் குறித்திருக்கிறார். குடுகுடுப்பைக்காரர் விடியலில் வாசலில் நின்று ஜக்கம்மா பேரைச் சொல்லி நல்ல காலம் பிறக்கிறது என்கிறார். அதே தெருவில் கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பி நடந்தவர்களும் இருந்தார்கள். எரிந்தவளுக்கு நல்வாக்கு, இருந்தவளுக்குக் கெட்ட சகுனம்.

கண்ணகியைப் பற்றியும் இங்கே பேசித்தான் ஆகவேண்டும். கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறைக் காட்டில், தமிழக கேரள எல்லையில் மங்கலதேவி கோயில் இடிந்து நிற்கிறது. ஆய்வாளர் சி. கோவிந்தராசனார் 1963இல் இதைச் சிலப்பதிகாரத்தின் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டினார். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் இரு மாநில நிர்வாகங்களின் ஏற்பாட்டில் மக்கள் ஏறிப்போகலாம். பளியன்குடி வழியாக நடை, குமுளி வழியாக ஜீப். போன பெண்கள் மஞ்சள் கயிறும் வளையலும் குங்குமமும் பிரசாதமாக வாங்கி வருகிறார்கள். கொற்றவை வாயிலில் வளையலை உடைத்துவிட்டு மதுரையை விட்டுப் போனவளின் பெயரால் வளையல். பெயரோ மங்கலம், மற்ற கைம்பெண்களுக்கு ஊர் வைத்தது அமங்கலி. காவியத்துக்குள் இதற்கு விடை இருக்கிறது. கோவலன் கொலைப்பட்ட செய்தி கேட்டதும் அவள் புலம்பலில், கணவனை எரித்துத் துறையில் மூழ்கி நோன்பிருக்கும் பெண்களைப் போல் நான் இருக்க மாட்டேன் என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. வழக்காடினாள், ஊரை எரித்தாள், பதினான்காம் நாள் வேங்கை மர நிழலில் நின்று கணவனோடு வானூர்தி ஏறினாள். கைம்பெண்ணாக அவள் வாழ்ந்தது அந்தப் பதினான்கு நாள்தான். அதனால்தான் அவளிடம் தாலிக்கயிறு கேட்க முடிகிறது. சிலம்பின் வரந்தரு காதையில் மங்கல மடந்தை கோட்டம் என ஓர் இடம் வருகிறது. அங்கே உறைபவள் கண்ணகியா வேறொரு தெய்வமா என்ற சர்ச்சை அறிஞர்களோடு நிற்கிறது, மலையேறும் பெண்களுக்கு அது பொருட்டில்லை.

மலைக்கு மேலே அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியற்காலையில் ஜீப்புகளில் பெண்கள் இடுக்கிக்குப் போய் இருட்டும்போது திரும்புகிறார்கள். வீட்டை ஒற்றையாளாக நடத்துபவர்கள் அவர்களில் பலர். தோட்டத்துக் கணக்கில் பெயரும் நாள் எண்ணிக்கையும் இருக்கும். கூலிக்குக் கழுத்தைப் பார்ப்பதில்லை. சங்க காலத்துப் பருத்திப் பெண்டுக்கு நிகராக "ஏலப் பெண்டு" என்று ஒரு சொல் இங்கே பிறந்திருக்கலாம். பிறக்கவில்லை.

ஈழத்தில் அப்படி ஒரு சொல் பிறந்தது: போருக்குப் பின் நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் "பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்" என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. நீளமான அலுவலகத் தொடர்தான். ஆனால் செத்தவரைச் சுட்டாமல் இருப்பவளைச் சுட்டுகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியர் அதையும் கடந்து நிற்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய அவர்களது தொடர்போராட்டத்தில் பலர் மரணச் சான்றிதழை வாங்க மறுத்தார்கள். வாங்கினால் உதவி கிடைக்கும், பெயரும் வந்து சேரும். 2016இல் இலங்கைச் சட்டம் "காணாமற்போனமைக்கான சான்றிதழ்" என்று மாற்று வழி ஒன்றைத் திறந்தது. தேனியில் "தவறிட்டாரு" என்று சொல்ல முடிகிறவளுக்கு வாய்த்த வினைகூட அவர்களுக்கு இல்லை.

தமிழ்நாட்டில் அரசு அறுத்துக் கட்டும் வேலையையும் ஏற்றிருக்கிறது. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான விதவை மறுமண உதவித் திட்டத்தில் சமூக நலத்துறை பணத்தோடு, திருமாங்கல்யத்துக்கென்று 8 கிராம் தங்கம் தருகிறது. பணம் மணப்பெண்ணின் படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாய். அந்தத் தங்கத்தைப் பெற அவள் முதலில் தான் விதவை என்று சான்று காட்ட வேண்டும். தாலி ஏறியதும் அந்தச் சான்று செல்லாது. மாதாமாதம் வந்த ஓய்வூதியமும் நின்றுவிடும்.